அரை மில்லிமீட்டர் புருவம்: கத்தி வைக்காமல் தோலை இறுக்குவது பற்றிச் சில குறிப்புகள்

2002 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. பெயர் தெர்மாஜ். ரேடியோ அலையால் தோலின் உட்புறத்தைச் சூடாக்கி, கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கங்களைக் குறைப்பது அதன் வேலை. கத்தி கிடையாது, தையல் கிடையாது, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. இன்று ஸ்கின் கிளினிக் போர்டுகளில் "நான் சர்ஜிகல் ஸ்கின் டைட்டனிங்" என்று எழுதியிருக்கிறதே, அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று இது.

அடுத்த ஆண்டே, 2003-ல், இந்தக் கருவியை வைத்துப் பல மையங்களில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. 86 பேருக்கு ஒரே ஒரு முறை சிகிச்சை. ஆறு மாதம் கழித்து அளந்தார்கள். எந்தப் போட்டோ முன்னால் எடுத்தது, எது பின்னால் எடுத்தது என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் பார்த்தபோது, 83 சதவீத இடங்களில் சுருக்க மதிப்பெண் ஒரு புள்ளியாவது முன்னேறியிருந்தது. பிரமாதம் இல்லையா? ஆனால் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களிடம் "திருப்தியா?" என்று கேட்டபோது, ஆம் என்றவர்கள் 50 சதவீதம்தான்.

இன்னொரு எண்ணும் அதே ஆய்வில் இருக்கிறது. அளக்கப்பட்ட புருவங்களில் சுமார் 61 சதவீதம் மேலே ஏறியிருந்தன. எவ்வளவு ஏறினால் கணக்கில் சேர்த்தார்கள் தெரியுமா? 0.5 மில்லிமீட்டர். மெல்லிய பென்சில் லெட் ஒன்றின் தடிமன்.

இந்த மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று முரணானவை இல்லை. மூன்றும் உண்மை. கருவி வேலை செய்கிறது, அளந்தால் தெரிகிறது, ஆனால் பாதிப் பேருக்கு அது போதவில்லை. கத்தி வைக்காமல் தோலை இறுக்கும் எல்லா முறைகளுக்கும் இந்தக் கதை கொஞ்சம் கூடக் குறைய அப்படியே பொருந்தும் என்பது என் முடிவு. அது ஏன் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் விளக்கப் போகிறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் முகத்துக்கு எது சரி என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முகம் ஏன் தொங்குகிறது?

"தோல் தளர்ந்துபோச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நான்கு அடுக்குகளில் நான்கு வேறு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது தோல். மேல்தோல் ஒரு தாள் மாதிரி, சுமார் 0.1 மி.மீ. அதற்குக் கீழே இருக்கும் உள்தோல்தான் கனமானது, முகத்தில் ஒன்று முதல் இரண்டு மி.மீ. வரை. இதன் உலர் எடையில் முக்கால் பங்கு கொலாஜன் என்கிற புரதம். கயிறு மாதிரி முறுக்கிய இழைகள். வயது வந்த பிறகு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் வீதம் இது குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் தோலின் கொலாஜனில் 30 சதவீதம் வரை போகலாம். இதோடு, இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும் எலாஸ்டின் இழைகளை வெயில் கெடுக்கிறது.

இரண்டாவது, தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பு. இது ஒரே மெத்தை இல்லை, சின்னச் சின்னத் தலையணைகள். வயதாகும்போது சில வற்றுகின்றன, சில இடம் நழுவுகின்றன. கன்னம் ஒட்டிப்போய்த் தாடை ஓரத்தில் சதை சேர்வது இதனால்தான்.

மூன்றாவது, கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள ஒரு நார் விரிப்பு. 1976-ல் மிட்ஸ், பெரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். சுருக்கமாக ஸ்மாஸ் என்பார்கள். முகச் சீரமைப்பு சர்ஜரியில் டாக்டர்கள் முக்கியமாக இழுத்துத் தைப்பது இதைத்தான்.

நான்காவது எலும்பு. ஆமாம், எலும்பும் தேய்கிறது. கண்குழி அகலமாகிறது, மேல்தாடை பின்வாங்குகிறது. கூடாரத்தின் கம்பு குட்டையானால் துணி தொய்வது மாதிரி.

இனிமேல் பார்க்கப்போகும் கருவிகள் எல்லாம் முதல் அடுக்கில் வேலை செய்பவை. ஒன்றிரண்டு மூன்றாவது அடுக்கைத் தொடும். வற்றிய கொழுப்பையோ தேய்ந்த எலும்பையோ எந்தச் சூடும் திருப்பித் தராது. ஒருவருக்கு நன்றாக வேலை செய்து இன்னொருவருக்கு ஒன்றும் தெரியாமல் போவதற்கு இது பெரிய காரணம். தொங்கல் எந்த அடுக்கில் இருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி.

சூடு எப்படி இறுக்குகிறது?

இதற்குச் சமையலறைதான் நல்ல பாடசாலை. மட்டனை வேகவைத்தால் துண்டு சுருங்கும், பார்த்திருப்பீர்கள். சதையைச் சுற்றியுள்ள கொலாஜன் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தன் முறுக்கு அவிழ்ந்து, நீளம் குறைந்து, தடித்துவிடுகிறது. அதையே ஆட்டுக்கால் பாயாவுக்கு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் கொலாஜன் முழுவதும் உடைந்து, ஆறியதும் ஜெல்லியாக உறைகிறது. ஒரே புரதம்தான். சூடும் நேரமும் மாறினால் விளைவு மாறும்.

தோல் இறுக்கும் கருவிகள் முதல் கட்டத்தோடு நின்றுவிடப் பார்க்கின்றன. உள்தோலை 60 டிகிரிக்குப் பக்கத்தில், மிகக் குறைந்த நேரத்துக்குச் சூடாக்கி, சில இழைகளை மட்டும் சுருக்குவது. இது உடனே நடக்கும்.

ஆனால் முக்கியமான பலன் இது இல்லை. சூடு பட்ட இடத்தை உடம்பு ஒரு சின்னக் காயமாக எடுத்துக்கொள்கிறது. நார் செய்யும் செல்கள் அங்கே வந்து, கெட்ட இழைகளை அகற்றி, புதிய கொலாஜனை நெய்ய ஆரம்பிக்கின்றன. நமக்கு வேண்டியது இந்த ரிப்பேர் வேலைதான். இதற்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். இதை அவசரப்படுத்த வழி இல்லை. உங்களுக்கு 35 வயதா 65 வயதா, சிகரெட் பிடிப்பவரா, நெய்வதற்கு உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். கருவி உத்தரவு போடுகிறது, அவ்வளவுதான். வேலை செய்வது உங்கள் உடம்பு.

"அப்படியென்றால் சூட்டைக் கூட்டினால் அதிகம் இறுகுமே?" என்று தோன்றும். எலும்பு மருத்துவர்கள் 1990-களில் இதே ஆசையோடு தோள்பட்டையில் இறங்கினார்கள். அடிக்கடி நழுவும் தோள் மூட்டின் உறையை ரேடியோ அலையாலும் லேசராலும் சூடாக்கிச் சுருக்கினார்கள். மேஜையிலேயே சுருங்கியது. ஆனால் சூடு பட்ட இழைகள் முதல் சில வாரங்களில் பலவீனமாக இருக்கும். பல பேருக்கு மூட்டு மறுபடி தளர்ந்தது, சிலருக்குக் குருத்தெலும்பே சேதமானது. அந்த முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. சுருங்குவது வேறு, உறுதியாவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான்கு வகைக் கருவிகள்

பெயர்கள் நூறு இருக்கும். உள்ளே இருக்கும் இயற்பியல் நான்குதான்.

ரேடியோ அலை, அதாவது ஆர்.எஃப். பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு இது சுலபம். மின்தடை உள்ள பொருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சூடு வரும். தெர்மாஜில் விநாடிக்கு 67.8 லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டம் தோல் வழியாகப் போகிறது. இவ்வளவு வேகமாகத் திசை மாறுவதால் நரம்புக்கு ஷாக் தெரியாது, சூடு மட்டும் தெரியும். மின்னோட்டம் திரும்பிப் போக முதுகிலோ வயிற்றிலோ ஒரு பேட் ஒட்டுவார்கள். மேல்தோல் வேகாமல் இருக்க ஒவ்வொரு ஷாட்டின்போதும் குளிர் வாயு பீய்ச்சப்படும். சூடு ஒரே இடத்தில் குவியாமல் பரவலாக இறங்கும். முழு தெர்மாஜ் பெரும்பாலும் ஒரே சிட்டிங். பார்லர்களில் "ஆர்.எஃப். ஃபேஷியல்" என்று வருவது சூடு குறைந்த, இதமான வகை. பல சிட்டிங் வேண்டும், விளைவும் அதற்கேற்ற மாதிரிதான்.

குவித்த அல்ட்ராசவுண்ட், அதாவது ஹைஃபூ. சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தாளைக் கருக்கியிருப்போம். அதே வேலையை ஒலியால் செய்வது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே உள்ள காற்று சுடுவதில்லை, குவியும் புள்ளி மட்டும் சுடும். அதுபோல மேல்தோலை விட்டுவிட்டு 1.5, 3, 4.5 மி.மீ. ஆழங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிகளாக 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கும். 4.5 மி.மீ. ஆழம் என்பது முகத்தின் பல இடங்களில் அந்த ஸ்மாஸ் அடுக்கு. அல்தெரா என்ற கருவிக்குப் புருவத்தை உயர்த்த 2009-ல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. 2012-ல் கழுத்தும் தாடைக்குக் கீழும் சேர்ந்தன. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 35 பேரில் 30 பேருக்குப் புருவம் உயர்ந்தது. 90-ஆம் நாளில் சராசரி உயர்வு 1.7 மி.மீ. அல்தெராவில் ஸ்கேன் திரை உண்டு, எந்த அடுக்கில் சுடுகிறோம் என்று பார்த்துச் சுடலாம். மலிவான பல ஹைஃபூ கருவிகளில் அந்தத் திரை கிடையாது. ஆபரேட்டர் அனுமானத்தில் சுடுகிறார்.

ஊசியோடு சேர்ந்த ஆர்.எஃப். மெல்லிய ஊசிகள் உள்தோலுக்குள் இறங்கி, அங்கே ரேடியோ சூட்டைக் கொடுக்கும். பருத் தழும்புக்கும் சுருக்கத்துக்கும் இப்போது நிறையச் செய்கிறார்கள். பெரும்பாலும் மாத இடைவெளியில் சில சிட்டிங்.

லேசர். 2004-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வாளர்கள் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். தோல் முழுவதையும் சுடாமல், நுண்ணிய தூண்கள் மாதிரி அங்கங்கே சுட்டு, நடுவே நல்ல தோலை விட்டுவைத்தால் சீக்கிரம் ஆறும். இதுதான் ஃப்ராக்ஷனல் லேசர். தோலின் தரம், மெல்லிய கோடுகள், வெயில் சேதம் ஆகியவற்றுக்கு நல்லது. தொங்கலைத் தூக்குவதில் இதன் பங்கு குறைவு.

நம் நிறத்துக்கு ஒரு குறிப்பு. 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்த தோல் வகைப் பட்டியல் முதலில் வெளுத்த தோலுக்கானது. பழுப்பும் கறுப்பும் பிறகுதான் சேர்க்கப்பட்டன. நம்மில் பெரும்பாலோர் அதில் நான்கு, ஐந்து, ஆறு எண்களில் வருவோம். இது வெறும் பட்டியல் விவகாரம் இல்லை. பல லேசர்களின் ஒளியை மெலனின் உறிஞ்சிவிடும், மேல்தோல் சுடும். தண்ணீரைக் குறிவைக்கும் லேசரிலும் காயத்துக்குப் பின் கறுப்புத் திட்டு விழும் வாய்ப்பு நமக்கு அதிகம். ஆர்.எஃபும் அல்ட்ராசவுண்டும் நிறம் பார்ப்பதில்லை. அந்த வகையில் நமக்குப் பாதுகாப்பு கூடுதல். ஆனால் எந்தக் கருவியால் தோல் புண்ணானாலும் திட்டு விழலாம் என்பது மாறாது.

நாள்காட்டி: எப்போது என்ன தெரியும்?

போன மாதம் என் அண்ணி போன் பண்ணினார். "தம்பி, நீங்கதான் எதையாவது படிச்சுக்கிட்டே இருப்பீங்களே, இந்த ஹைஃபூ பண்ணிக்கலாமா? பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு." நான் சொன்னது ஒன்றுதான்: "அண்ணி, அஞ்சு வாரத்துல அது பாதி வேலைகூட முடிச்சிருக்காது." கிளினிக்கில் அவருக்கு விலை சொன்னார்கள், சலுகை சொன்னார்கள், நாள் கணக்கை யாரும் சொல்லவில்லை. கணக்கு இதுதான்.

அன்றைக்கு: வலி இருக்கும். மரத்துப்போகும் கிரீம் தடவினாலும் ஹைஃபூவில் தாடை எலும்பு ஓரத்தில் சுருக்கென்று தைக்கும். ஆர்.எஃபில் சூடு ஏறி ஏறி இறங்கும். தெர்மாஜின் ஆரம்ப நாட்களில் அதிக சக்தியோடு ஒரே சுற்று சுட்டார்கள், வலியும் அதிகம், சிக்கலும் அதிகம். பிறகு குறைந்த சக்தியில் பல சுற்று என்று மாற்றினார்கள். வலிக்கிற அளவுக்குப் பலன் என்பது இங்கே பொய். வலி தாங்க முடியவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், அது எச்சரிக்கை மணி.

முதல் வாரம்: சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி, சிலருக்குக் கன்றிப்போதல். இந்த வீக்கத்தால் முகம் பொம்மென்று இறுக்கமாகத் தெரியும். "பார்த்தீங்களா, இப்பவே ரிசல்ட்" என்று போட்டோ எடுத்துக் காட்டுவதும் இப்போதுதான். வீக்கம் வடிந்ததும் அது போய்விடும், மனசும் சோர்ந்துவிடும். ஊசியும் லேசரும் என்றால் பொருக்கு, உரிதல் சேர்ந்து வரும்.

இரண்டாவது வாரம் முதல் இரண்டு மாதம்: கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைக்கிற காலம் இது. உள்ளே நெசவு நடந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது முதல் ஆறாவது மாதம்: பலன் வந்தால் இப்போது வரும். தாடைக் கோடு கொஞ்சம் தெளிவாகும், புருவம் ஓரிரு மில்லிமீட்டர் உயரும், கண் ஓரத் தோல் கொஞ்சம் தடிப்பாகும். "நல்லா தூங்கினியா?" என்று யாராவது கேட்கலாம். "முகத்துக்கு என்ன பண்ணினே?" என்று கேட்க மாட்டார்கள்.

ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு: மெல்ல மங்கும். வயது நிற்கவில்லையே. தொடர வேண்டும் என்றால் மறுபடி செலவு.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நிச்சயம் முடியட்டும், கல்யாணத்துக்கு முன்னாடி யோசிக்கிறேன்" என்றார். சரியான முடிவு என்று நினைக்கிறேன். விசேஷத்துக்காகச் செய்வதென்றால் ஆறு மாதம் முன்னால், இல்லையென்றால் விசேஷம் முடிந்த பிறகு.

யாருக்குப் பொருந்தும்?

வீட்டிலேயே ஒரு எளிய சோதனை செய்யலாம். மருத்துவச் சோதனை இல்லை, எதிர்பார்ப்பைச் சரிபார்க்க மட்டும். நின்றபடி கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். பிறகு மல்லாந்து படுத்து, கண்ணாடியை மேலே பிடித்துப் பாருங்கள். படுத்தால் சதை பின்பக்கம் போய்த் தாடைக் கோடு நேராகும். நீங்கள் விரும்புவது அந்த அளவு வித்தியாசம் என்றால், இந்தக் கருவிகள் அதைத் தராது. அது சர்ஜரியின் அளவு. நின்றபடி பார்த்த முகத்திலேயே ஒரு சின்ன முன்னேற்றம் போதும் என்றால், பேசிப் பார்க்கலாம்.

பொதுவாக முப்பதுகளின் பிற்பகுதி முதல் ஐம்பதுகள் வரை, தொங்கல் லேசாக அல்லது நடுத்தரமாக இருப்பவர்களுக்குத்தான் பலன் தெரியும். கழுத்தில் தோல் மடிப்பு மடிப்பாக விழுந்தவர்களுக்கும், நிறைய எடை குறைந்து தோல் பையாகிவிட்டவர்களுக்கும் இது பணவிரயம்.

முகம் ஏற்கெனவே ஒட்டியவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். எடை குறைக்கும் ஊசி மருந்துகளால் கன்னம் வற்றிப் போய், "தோல் தளர்ந்துவிட்டது, இறுக்குங்கள்" என்று வருபவர்கள் இப்போது உண்டு. அங்கே குறைந்தது கொழுப்பு. ஆழமான சூடு மிச்சமுள்ள கொழுப்பையும் கரைத்தால் முகம் இன்னும் வயதானதாகத் தெரியும்.

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் உள்ளவர்கள் ஆர்.எஃப். செய்யக் கூடாது. கர்ப்பிணிகள் தள்ளிப்போட வேண்டும். சிகிச்சை இடத்தில் பரு, புண், தொற்று இருந்தாலும் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

கெட்டுப்போனால் என்ன ஆகும்?

"சர்ஜரி இல்லை" என்பதை "ஆபத்து இல்லை" என்று நம் காது மாற்றிக் கேட்டுக்கொள்கிறது. அந்த 2003 ஆய்விலேயே 5,858 ஷாட்டுகளில் 21 முறை கொப்புளம் போடும் அளவுக்குச் சுட்டது. ஷாட் கணக்கில் 0.36 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் ஒரு முகத்துக்கு ஒரு ஷாட் இல்லை, பல நூறு ஷாட் போடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று பேருக்கு ஆறு மாதம் கழித்தும் சின்னத் தழும்பு இருந்தது. அது பழைய முறை, இப்போது குறைந்திருக்கிறது. ஆனாலும் பூஜ்யம் இல்லை.

ஹைஃபூவில் தாடை ஓர நரம்பில் சூடு பட்டால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். மரத்துப்போன உணர்வும் அப்படித்தான். எனக்கு அதிகம் பயம் தருவது கொழுப்பு கரைந்து பள்ளம் விழுவது. தழும்புக்கு மருந்து உண்டு, கோணிய வாய் நேராகும், போன கொழுப்பு தானாகத் திரும்பாது. வேறு இடத்துக் கொழுப்பையோ ஃபில்லரையோ வைத்து நிரப்ப வேண்டும்.

2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ. ஊசியோடு சேர்ந்த ஆர்.எஃப். பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, முகம் உருக்குலைதல், நரம்புச் சேதம், இவற்றைச் சரிசெய்ய சர்ஜரி தேவைப்பட்டது என்றெல்லாம் புகார்கள் வந்திருப்பதாகச் சொன்னது. இது மருத்துவச் சிகிச்சை, சாதாரண அழகுப் பராமரிப்பு இல்லை, வீட்டில் செய்யக் கூடாது என்றும் தெளிவாக எழுதியது. ஆன்லைனில் இந்தக் கருவியை வாங்கி யூடியூப் பார்த்துப் போட்டுக்கொள்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இன்னொன்று. "எஃப்.டி.ஏ. அப்ரூவ்ட்" என்ற வார்த்தைக்கு மயங்க வேண்டாம். இந்த மாதிரிக் கருவிகள் பலவற்றுக்குக் கிடைப்பது, ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இணையானது என்று காட்டிப் பெறும் அனுமதி. அதுவும் குறிப்பிட்ட இடத்துக்கு. புருவத்துக்குப் பெற்ற அனுமதியைக் காட்டி வயிற்றுக்குச் சுடும்போது அந்த முத்திரை கூட வராது.

காசு கொடுப்பதற்கு முன்

போட்டோ ஆல்பத்தைக் காட்டினால் மூன்று விஷயம் பாருங்கள். இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கம் இருந்து வருகிறதா? தாடை ஒரே உயரத்தில் இருக்கிறதா? இரண்டிலும் சிரிக்காமல் இருக்கிறார்களா? தாடையை ஓர் அங்குலம் முன்னால் நீட்டினாலே கழுத்துச் சதை மறையும். செல்ஃபி எடுத்துப் பாருங்கள், எந்தக் கருவியும் தராத இறுக்கம் இலவசமாகக் கிடைக்கும்.

பிறகு இந்தக் கேள்விகள். கருவியின் பெயரும் தயாரிப்பாளரும் என்ன? சுடுவது டாக்டரா, டெக்னீஷியனா? ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய டிப் என்றால் என் முன்னால் பிரிப்பீர்களா? எத்தனை ஷாட், எந்த ஆழம்? எனக்குத் தொங்குவது எந்த அடுக்கு? கொப்புளமோ பள்ளமோ வந்தால் யார் பார்ப்பார்கள், யார் செலவு? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் வராது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். இன்சூரன்ஸ் பொதுவாக இதற்குப் பணம் தராது. ஜி.எஸ்.டி. சேருமா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த இடத்தில், எவ்வளவு மாறினால் நான் திருப்தி அடைவேன்? நாங்கள் மென்பொருள் எழுதும்போது வேலை முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம் என்று முதலில் எழுதிக்கொள்வோம். எழுதாவிட்டால் எவ்வளவு செய்தாலும் சண்டைதான் மிஞ்சும். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டி, "இது நடக்குமா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் பல பேருக்கு "நடக்காது" என்றுதான் சொல்வார்.

விலை குறைந்த இரண்டு

கருவிகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 903 பேரை வைத்து 1990-களில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழு தினமும் சன்ஸ்கிரீன் பூசியது, இன்னொரு குழு தோன்றியபோது பூசியது. நாலரை ஆண்டு கழித்து, தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. எஸ்.பி.எஃப். 15 தான், ஆடம்பரமான கிரீம் இல்லை.

இரண்டாவது டிரெட்டினாயின். 1993-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், வெயிலால் கெட்ட தோலில் இதைப் பத்து முதல் பன்னிரண்டு மாதம் பூசியவர்களுக்குக் கொலாஜன் உருவாவது 80 சதவீதம் கூடியது. வெறும் கிரீம் பூசியவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. எரிச்சல் வரும், அந்த எரிச்சலே நம் தோலில் திட்டு போடலாம். அதனால் டாக்டர் சீட்டோடு, குறைந்த அளவில், இரவில் மட்டும். கர்ப்ப காலத்தில் கூடாது.

இவை இரண்டும் தொங்கும் தாடையைத் தூக்காது, உண்மைதான். ஆனால் கருவி தரப்போவதும் ஓரிரு மில்லிமீட்டர் என்று தெரிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு வருடம் இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் கண்ணாடியில் குறை தெரிந்தால், மேலே சொன்ன தாளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அதற்குள் கருவிகளின் விலை கொஞ்சம் இறங்கினாலும் இறங்கியிருக்கும்.